நஞ்சுண்டப்பா மிதித்த பிரேக்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டால் இந்தக் கால மெக்கானிக்குகள் விடமாட்டார்கள். "சவரிண்ணா, நீங்க ஒரு ரேஸ் டிரைவர்கிட்ட வேலை பாத்தீங்களாமே? பயம்னா என்னன்னே தெரியாத ஆளாமே?" என்று ஆரம்பிப்பார்கள். போன வாரம் ஒருவன் செல்போனில் ஏதோ வெளிநாட்டுப் பந்தயத்தைக் காட்டி, "இப்படித்தான் ஓட்டுவாருங்களா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், பாவம், அவனுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. நடந்ததைப் பார்த்தவர்களில் இன்றைக்கு மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

என் பெயர் சவரிமுத்து. தருமபுரியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் பட்டறையில் பிரேக் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கம்பெனி பெயர் வேண்டாம். பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் பிடிக்காமல் டவுனுக்கு ஓடிவந்து, லாரிப் பட்டறைகளில் கிரீஸ் துடைத்து, உதை வாங்கி, வேலை கற்றுக்கொண்டேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எல்லாரும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே சேர்ந்தபோது ஃபோர்மேனாக இருந்தவர் நஞ்சுண்டப்பா. ஓசூருக்கு அந்தப் பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டையில் ஒரு கறை இருக்காது. ஐம்பதுகளில் அவர் மூன்றே வருடம் கார்ப் பந்தயம் ஓட்டினார் என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். ஜெயித்த வெள்ளிக் கப் ஒன்று அவர் மேஜையில் இருந்தது. அதில் மண்ணெண்ணெய் ஊற்றி நட்டு கழறாமல் செருகும் ஸ்ப்ளிட் பின்களைப் போட்டு வைத்திருப்பார். மூன்று வருடத்தில் ஏன் விட்டார் என்று மட்டும் யாரும் அவரிடம் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் பேசுவோம். "பந்தயத்துல பயந்துட்டாராம்பா. ஒரு ஆளையே ஏத்திக் கொன்னுட்டாராம்."

அவர் கத்த மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். எங்கள் எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். "சவரிமுத்து, இது நீங்க மாட்டுன லைனிங்குங்களா? உங்க கொழந்தைங்கள இந்த வண்டியில ஏத்துவீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க." இதற்கு நாலு அறை விட்டிருக்கலாம் என்று இருக்கும்.

பிரேக் வேலை அவரிடம் பூசை மாதிரி. சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம்மைக் கழற்றினால் உள்ளே ஊதக் கூடாது, துணியால் துடைக்க வேண்டும். டிரம்மை உரசி நிறுத்தும் லைனிங் பட்டையை அதோடு வைத்து, எங்கே ஒட்டுகிறது எங்கே ஒட்டவில்லை என்று சாக்பீஸ் பூசிப் பார்க்க வேண்டும். எல்லாம் மாட்டிய பிறகு காற்று எடுக்க வேண்டும். ஒருவன் பெடலை மிதிக்க, இன்னொருவன் சக்கரத்தில் இருக்கும் நிப்பிள் திருகைத் திறக்க, குழாய்க்குள் இருக்கும் காற்று பிரேக் எண்ணெயோடு குமிழ் குமிழாக வெளியே வரும். அந்த எண்ணெயை ஒரு சீசாவில் பிடிப்போம். அதைக் கொட்டக் கூடாது என்பது நஞ்சுண்டப்பாவின் சட்டம். அலமாரியில் வைத்துத் தெளிய விட்டு, அடுத்த வண்டிக்கு அதையே ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு கீழே சிந்தினால், "உங்க அப்பா வூட்டு எண்ணெய்ங்களா?" என்பார்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பிரேக் வேலை முடிந்த வண்டியை அவரே ஓட்டிப் பார்ப்பார். வேலை செய்தவன் பக்கத்தில் உட்கார வேண்டும். சும்மா தெருவைச் சுற்றி வருவதில்லை; பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் மலை இறக்கம்.  நான் பயந்தாங்கொள்ளி, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. எஞ்சின் பெட்டியின் மேல் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே போய்ச் சேரும் வரை மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். அவரும் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டேன். வளைவுகளைக் கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். ஒந்து, எரடு, மூறு. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நனைந்து பளபளத்தது. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, இந்த மனிதர் என்னைவிடப் பயந்தவர் என்று.

நான் சேர்ந்து சில வருடம் கழித்து, ஆடி பிறந்த சமயம். ஒகேனக்கல் லைனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியை டிரைவர் மாதையன் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். கம்பெனியில் மூத்த டிரைவர் அவர்தான். இறங்கியவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஃபோர்மேனே, பிரேக்கு இல்லைங்க. இறக்கத்துல பெடலு சர்ருனு தரைக்குப் போயிடுச்சு. கெங்கம்மா புண்ணியத்துல மேட்டுல ஏத்தி நிறுத்துனேன். கொஞ்ச நேரம் கழிச்சு மிதிச்சா கல்லு மாதிரி நிக்குது. என்ன மாயமோ தெரியல."

நான்தான் அந்த வண்டிக்குப் பிரேக் கட்டியவன்.  நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். ஒழுக்கு இல்லை, உடைசல் இல்லை, லைனிங் புதுசு. மிதித்தால் பெடல் அசையவில்லை. மாட்டி அனுப்பினோம். நாலு நாளில் மாதையன் திரும்பவும் வந்து நின்றார். அதே கதை.

முதலாளி பட்டறைக்கே வந்துவிட்டார். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் ஊரே கூடும். ஒரு வண்டி நின்றாலும் அவருக்குத் தாங்காது.

"மாதையனுக்கு வயசாயிப் போச்சுங்க ஃபோர்மேன். இறக்கத்தப் பாத்தா பயப்படறாரு. பயத்துல காலே பெடலுக்குப் போயிருக்காது. வேற ஆளப் போட்டு வண்டிய எடுங்க" என்றார்.

மாதையன் தலையைக் குனிந்துகொண்டார். நஞ்சுண்டப்பாவுக்கு உதடு துடித்ததை நான் பார்த்தேன்.

"அப்படிச் சொல்லாதீங்க. அவரு மிதிச்சேன்னு சொல்றாரு. மிதிச்சிருக்காரு. வண்டி வெளிய போவாதுங்க."

"பிரேக்கு போவுதுன்னா எனக்குக் காட்டுங்க. பதினெட்டுக்கு மொத நாள் வரைக்கும் பாப்பேன். காட்ட முடியலன்னா வண்டி போவும், நீங்களும் வூட்டுக்குப் போவலாம்."

முதலாளி போன பிறகு ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டார். கெட்டுப்போனதைச் சரி பண்ணிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. அவர் சொன்னது தலைகீழ். மணல் மூட்டை ஏற்றி, கூட்டம் ஏறிய வண்டி மாதிரி கனமாக்கி, இறக்கத்தில் மேலும் கீழும் ஓட்டி, பிரேக் போகும்வரை ஓட்டப் போகிறோம் என்றார். "நாம" என்றார். 

வீட்டில் சொன்னதும் என் மனைவி பிலோமினா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த ஆளு ரேஸ் ஓட்டறதுக்கு நீங்க எதுக்குங்க பக்கத்துல உக்காரணும்? ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு இருக்கறேன். உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எங்க போவட்டும்?"

"வேலை செஞ்சவன் உக்காரணும். அது சட்டம்."

"சட்டமாம் சட்டம்! செத்தவன் வூட்டுக்குச் சட்டமா சோறு போடும்?"

 காலையில் அவள் என்னோடு பேசாமல் ஜெபமாலையை மட்டும் சட்டைப் பையில் திணித்து அனுப்பினாள்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் அது. வண்டியை இறக்கத்தின் தலையில் நிறுத்திவிட்டு, ஃபோர்மேன் என்னை நடக்கச் சொன்னார். பந்தயத்துக்கு முன்னால் பாதை முழுவதையும் காலால் நடந்து பார்ப்பது அவருடைய பழைய வழக்கமாம். மலைப் பக்கம் எங்கே மண் மேடு, எங்கே பாறை, பள்ளத்துப் பக்கம் எங்கே கட்டைச் சுவர் இடிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டிய ஒரு வளைவுக்குக் கீழே, ரோடு போடுவதற்காக மலைப் பக்கம் ஜல்லியைக் குவித்திருந்தார்கள். அதன் மேல் ஏறி நின்று, பூட்ஸ் காலால் அழுத்திப் பார்த்தார்.

"போச்சுன்னா இங்க வந்து ஏத்திடுவேன். நீங்க ஹேண்ட் பிரேக்க ரெண்டு கையாலயும் புடிச்சு இழுங்க. குதிக்கக் கூடாது."

"இதுக்கு மேல இருக்கற வளைவுலயே போச்சுன்னா?"

அவர் ஜல்லி மேலேயே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மரத்தில் குரங்குகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்போதுதான், நான் கேட்காமலே, அந்தக் கதையைச் சொன்னார்.

எஸ்டேட்டில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு வெள்ளைக்காரன் காரை வாங்கி, தன் கையால் பிரித்துக் கட்டியிருக்கிறார். பழைய விமான ஓடுபாதையில் பந்தயம். முதல் வருடம் கடைசியில் வந்தார், இரண்டாம் வருடம் கப். மூன்றாம் வருடம் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, கடைசி வளைவில் மிதித்த பெடல் தரைக்குப் போய்விட்டது. கார் ஓரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளை உடைத்துக்கொண்டு போய், பின்னால் நின்று கடலை விற்றுக்கொண்டிருந்த ஒருவரை அடித்துவிட்டது. அந்த மனிதர் அங்கேயே செத்துப் போனார்.

"மறுநாள் அந்த வண்டிய அதிகாரிங்க எல்லாம் வந்து மிதிச்சுப் பாத்தாங்க. பெடலு கல்லு மாதிரி நின்னுது. ஓட்டுனவன் பயந்துட்டான், மிதிக்கலன்னு எழுதிட்டாங்க. நான் மிதிச்சேன்னு சொன்னேன். வண்டியில நான் ஒருத்தன்தானே? யாரு நம்புவா? நாலு வருஷம் போச்சு, பத்து வருஷம் போச்சு. அப்பறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க சவரிமுத்து. நெசமாவே மிதிச்சேனா? இல்ல, பயத்துல காலு வெறைச்சு நின்னுட்டுச்சா? தெரியலைங்க. தூக்கத்துல எல்லாம் மிதிக்கறேன். என் பொஞ்சாதியக் கேட்டா சொல்லுவா."

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. பிரேக் போகாமல் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். வண்டி ஓட்டுகிற ஆளோ, பிரேக் போக வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார். முதலாளிக்குக் காட்டுவதற்கு மட்டும் இல்லை, தனக்கே காட்டிக்கொள்வதற்கு. இப்படிப்பட்ட ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மலை இறங்குவதா? ஓடிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பென்னாகரத்துக்கு நடந்தே போய்விடலாம். ஏன் போகவில்லை என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. நான் கட்டிய பிரேக். நாளைக்கு அந்த வண்டியில் பிள்ளை குட்டிகளோடு ஆற்றுக்குப் போவார்கள். அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

கீழ் வளைவில் மாதையன் சிவப்புத் துண்டோடு நின்று, எதிரே வரும் வண்டிகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் தடவை இறங்கினோம். வேண்டுமென்றே மேல் கியரில் விட்டு, பத்தடிக்கு ஒரு தரம் பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை. கீழே நிற்காமல் திருப்பி ஏற்றினோம். மறுபடி இறங்கினோம். டிரம்மிலிருந்து காந்தல் நாற்றம் வந்தது. பெடல் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். ஃபோர்மேன் முகம் பேயறைந்தது போல் இருந்தது.

"சார், போதுங்க. நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

"இன்னொரு வாட்டி."

மூன்றாம் தடவை இறங்கும்போது நான் ரோட்டைப் பார்க்கவில்லை. அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலைத் தாண்டினோம். ஒந்து, எரடு என்று எண்ணிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். பூட்ஸ் கால் பெடலோடு சேர்ந்து தரைக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். எடுத்து மறுபடி மிதித்தார். மறுபடி தரை. மிதித்தார், மிதித்தார். துணியை மிதிப்பது போல் போய் வந்துகொண்டிருந்தது.

"இழுங்க!"

ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. வண்டி நிற்கிற மாதிரியே இல்லை. பின்னால் மணல் மூட்டைகள் சரிந்து சீட்டுகளில் மோதின. கியர் அலறிக்கொண்டு இரண்டாவதில் விழுந்தது. கண்ணாடிக்கு முன்னால் ரோடே இல்லை. பள்ளமும் மர உச்சிகளும்தான் இருந்தன. 'பிலோமினா' என்று கத்தினேன் போல. கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி மலைப் பக்கம் ஒடிந்து திரும்பியது, தகரம் பாறையில் கிழிபடும் சத்தம் கேட்டது, அப்புறம் என் நெற்றி கம்பியில் மோதியது. கண்ணைத் திறந்தபோது முன் சக்கரம் இரண்டும் ஜல்லிக்குள் புதைந்திருந்தன.

என் கால்சட்டை நனைந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபோர்மேன் சீட்டிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்து இழுத்தார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் வாயில் 'ங்க' இல்லை.

"உக்காருடா சவரி. மிதிடா. நீ மிதிச்சுப் பாருடா!"

உட்கார்ந்து மிதித்தேன். தரைக்குப் போனது.

"போவுதா?"

"போவுது சார்."

"நல்லா மிதிச்சுச் சொல்லு."

"தரைக்குப் போவுது சார். ஒண்ணுமே இல்ல."

மாதையன் துண்டை வீசிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். அவரையும் உட்கார வைத்து மிதிக்கச் சொன்னார். மாதையன் மிதித்துப் பார்த்து, "இதத்தான சாமி நான் சொன்னேன்" என்று வாய்விட்டு அழுதார். ஃபோர்மேன் அவர் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இரண்டு வயதான ஆண்கள் நடு ரோட்டில் நின்று அப்படி அழுததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நெற்றியில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பின் சக்கரத்துக்கு அடியில் படுத்தேன். நிப்பிளைத் திறந்தேன். எண்ணெய் வரவில்லை. உஸ்ஸென்று நுரை வந்தது, கொதிக்கிற உலையிலிருந்து வருவது போல. உடனே மூடினேன்; அதற்குள் என் விரல் வெந்துபோனது. எண்ணெய்க்குள் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இறக்கத்தில் டிரம் சூடேறும்போது அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடுகிறது. ஆவியை எவ்வளவு மிதித்தாலும் அது அமுங்குமே தவிர சக்கரத்தைப் பிடிக்காது. ஆறிவிட்டால் பெடல் பழையபடி கல்லாகிவிடும். பட்டறையில் ஆறிப்போன வண்டியை எத்தனை முறை பார்த்தாலும் பிடிபடாது.

ஃபோர்மேன் என் பக்கத்தில் மண்ணில் குந்தி அந்த நுரையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் மெல்ல மெல்ல வடிந்துபோனது.

"இதுக்கு எந்த எண்ணெய் ஊத்துனீங்க?"

"சீசா எண்ணெய்தாங்க. எப்பவும் போல."

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.  வண்டி ஆறும்வரை அங்கேயே இருந்தோம். கடைசியில் அவரே எழுந்து போய் மிதித்தார். பெடல் கல் மாதிரி நின்றது. மாதையன் நாங்கள் கேட்காமலே ஓடிப்போய், எதிரே நிறுத்தி வைத்திருந்த லாரிக்காரர்களைக் கூட்டிவந்தார். கயிறு கட்டி வண்டியை ஜல்லியிலிருந்து இழுத்தார்கள்.

"வண்டிய நீங்க எடுங்க சவரிமுத்து. எனக்குக் கையி நிக்கல" என்றார் ஃபோர்மேன். 'ங்க' திரும்பி வந்திருந்தது. ஏற்றம்தானே, மெதுவாக முதல் கியரில் போய்விடலாம் என்று நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். மாதையன் பின் சீட்டில் போய்ச் சாய்ந்துவிட்டார்; ஃபோர்மேன் என் இடத்தில், எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"அந்த எண்ணெய் மழைக் காத்துல இருக்கற ஈரத்தக் குடிக்குங்க. டின்னு மேலயே போட்டிருக்கான், தொறந்து வைக்காதேன்னு. படிச்சிருக்கேன். படிச்சுட்டுத்தான் உங்களையெல்லாம் சீசாவுல புடிக்கச் சொன்னேன்."

"விடுங்க சார். இனிமே ஊத்த வேண்டாம். இன்னைக்கே எல்லா வண்டிக்கும் மாத்திடலாம்."

"அன்னைக்கும் சீசா எண்ணெய்தாங்க. புது டின்னு வாங்க முடியல. பந்தயத்துக்கு மொத நாள் என் கையாலயே ஊத்துனேன்."

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது.

"பிரேக்காவே இருக்கணும், என் காலா இருக்கக் கூடாதுன்னு முப்பது வருஷமா மாதேஸ்வர சாமிய வேண்டிக்கிட்டு இருந்தேன். பிரேக்குதான். நான் மிதிச்சிருக்கேன்." பிறகு கேட்டார். "இப்ப நான் என்ன பண்றதுங்க சவரிமுத்து?"

 கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி மலை ஏறியது.